கோயோ ஐயா தெரியும் அறை

அமேகமேகா,
5 பிப்ரவரி 2022, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய தோன்யா எவ்லாலியா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேச உங்களுக்குப் பிடிக்காது என்று அன்செல்மோ சொன்னார். எனக்கும் பிடிக்காது. அதனால் வாரக் கடைசியில் அங்கே வரும் உங்கள் மகனையே தபால்காரர் ஆக்கிவிட்டேன். கடிதத்தைப் பிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

என்னைப் பெண் கேட்க நீங்கள் வரவேண்டிய நாள் மார்ச் பன்னிரண்டு. அன்று நம் எரிமலை கோயோ ஐயாவின் பிறந்தநாள் என்பது எங்களுக்கும் தெரியும். என்ன செய்வது, லாரி ஓட்டும் என் அப்பா ஊரில் இருக்கப்போகிற ஒரே சனிக்கிழமை அதுதான். நான் வேலை பார்ப்பது என் சித்தியின் விடுதியில். அங்கேயே மலை தெரியும் அறை ஒன்றை உங்களுக்கு ஒதுக்குகிறேன். அவசியம் வாருங்கள்.

பணிவுடன்,
அம்பாரோ


சோலூலா,
6 பிப்ரவரி

பெண்ணே அம்பாரோ,

உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. விஷயம்தான் சரியில்லை.

நாற்பத்தோரு வருடமாக அந்த நாளில் மொட்டை மாடியில் ஒரு தட்டு மோலே குழம்பு வைத்து, கோயோ ஐயாவின் முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த வருடம்கூட விடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் ஊரில் ஐயா வலப்பக்கம் நிற்கிறார், தூங்கும் பெண்மலை இடப்பக்கம் கிடக்கிறாள். எங்களுக்கு அவர் இடம், அவள் வலம். அதுதான் சரி. நீங்கள் பார்ப்பது முதுகு.

பக்கத்து வீட்டு செனோபியா கேட்கிறாள்: "மகன் கல்யாணத்த விட மலை பெருசாக்கா?" நான் சொன்னேன்: "மகன் மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டான்டி. மலை எங்கயும் போகல."

படுக்கையில் கண் விழித்ததும் அவர் தெரிய வேண்டும், ஒழுங்கான பக்கத்தில். அப்படி ஓர் அறை இருந்தால் எழுது. இல்லையென்றால் நான் வரமாட்டேன்.

எவ்லாலியா
(அன்செல்மோவின் தாய்)


அமேகமேகா,
26 பிப்ரவரி

மதிப்பிற்குரிய தோன்யா எவ்லாலியா அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். பத்து நாள் மேகம். அது விலகியபின் ஒன்பது அறைகளிலும் படுத்துப் பார்த்தேன்.

ஒன்றாம் அறையில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஐயாவுக்குத் தொப்பி போட்டதுபோல் நிற்கிறது. ஒன்பதாம் அறைதான் விடுதியிலேயே சிறந்தது, ஆனால் இருபத்திரண்டு படி. ஆறாம் அறை காலி என்று நினைத்துப் படுத்திருந்தேன். குளியலறையிலிருந்து துண்டோடு வந்தவர், "மன்னிச்சுக்கங்க, ரூம் மாறி வந்துட்டேன் போல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சித்தியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரோ, "என்னடி கட்டில் கட்டிலா உருண்டுட்டுத் திரியிற? கல்யாணக் களையா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்.

பிறகு மூன்றாம் அறை. கீழ்த்தளம். கட்டிலின் தலைமாடு ஜன்னல் பக்கம், கால்மாட்டில் பெரிய கண்ணாடி வைத்த அலமாரி. படுத்தபடி கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக்குள் ஐயா இடப்பக்கம், தூங்குகிறவள் வலப்பக்கம். உங்கள் சோலூலா!

கண்ணாடி காட்டுவது நிஜமல்ல என்று எனக்குத் தெரியும். உங்களை ஏமாற்ற விரும்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் என் ஊரில் இதைவிடச் சரியான அறை இல்லை. நீங்கள் வராமல் நான் சம்மதம் சொல்லப்போவதும் இல்லை. இதை அன்செல்மோவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்பாரோ


சோலூலா,
6 மார்ச்

அன்புள்ள அம்பாரோ,

அன்செல்மோவிடம் நீ சொல்லத் தேவையில்லை. உறையில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. சாப்பிடும்போது பையன் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்னடா?" என்றேன். "பசிக்கலம்மா" என்றான். ஏழு ரொட்டி தின்றான்.

நேற்று மாடிக்குப் போனேன். மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன். உங்கள் ஊர் தெரிந்தது. ஐயா வலம், அவள் இடம். "என்னக்கா, இந்த வயசுல மொட்ட மாடில மேக்கப்பு?" என்று செனோபியா கத்தினாள். என் மகன் தினமும் காலையில் பார்ப்பது இதைத்தானே என்று எண்ணியபடி, கை வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு மாதிரி இல்லை. அதுவும் முகம்தான்.

மூன்றாம் அறையே எனக்குப் போதும். அந்த அலமாரிக் கண்ணாடியை மட்டும் ஒரு துணி போட்டு மூடிவிடு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

மோலே பானை அன்செல்மோ மடியில் வரும். பாதி உங்களுக்கு, பாதி ஐயாவுக்கு. முதலில் பெண் கேட்போம், அப்புறம் அவருக்கு வாழ்த்து. ஒரு மணி நேரம் காத்திருந்தால் அவர் ஒன்றும் வெடித்துவிட மாட்டார்.

இனிமேல் என்னைத் தோன்யா என்று மரியாதை வைத்து எழுதாதே.

உன் மாமியார்,
எவ்லாலியா