சட்டியின் இன்னொரு காது

என் அன்பு யெர்கோவுக்கு உங்கள் மனைவி தோங்க்கா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? திராட்சைக்கு மருந்து அடித்தாயிற்றா?

இந்தச் சமையல் சுற்றுலாப் படகில் எனக்கு இது ஆறாவது வாரம். நேற்று மீன் குழம்பு. "கரண்டியே போடக் கூடாது, மீன் உடைஞ்சிடும். ரெண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடிச்சு சட்டியைக் குலுக்கணும்" என்று விருந்தினர்களிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில், "ம், குலுக்குங்க யெர்கோ" என்றேன். எதிரே பத்துப் பேர் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் அடிப்பிடிக்கும் வாடை வந்துவிட்டது. நானே கரண்டியைப் போட்டுக் கிளறினேன்.

கேப்டன் ஷீமே எட்டிப் பார்த்து, "என்னக்கா, கஞ்சி காய்ச்சிட்டீங்களா? நம்ம வீஸ் தீவு மானமே போச்சு!" என்றான். எல்லோரும் சிரித்தோம். கவலைப்பட ஒன்றுமில்லை.

நம் தோட்டத்துப் பிரிஞ்சி இலை கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் வாசனையே இல்லை. படகு கிளம்பச் சங்கு ஊதிவிட்டார்கள், நிறுத்துகிறேன். ஒன்று மட்டும்: உங்கள் தங்கை வந்து "இன்னொரு காதை நான் பிடிக்கிறேன்" என்றாலும் பெரிய சட்டியை இறக்காதீர்கள். நான் வரும்வரை அது பரணிலேயே இருக்கட்டும்.

தோங்க்கா