சிகிரியாவுக்குப் போற திகதி

பூவரசங்குளம்
08.02.2025

அன்பு மகன் நிரஞ்சனுக்கு,

அம்மா எழுதுறன். வற்றாப்பளை அம்மாளின்ர புண்ணியத்தில நானும் உன்ர அக்கா தயாளினி வீட்டாரும் சுகமா இருக்கிறம், நீயும் சுவிஸ் குளிருக்குள்ள வருத்தம் ஒண்டும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு கும்பிட்டிட்டுத்தான் பேனையை எடுத்தனான். வயலில அருவிவெட்டு முடிஞ்சுது, இந்தமுறை விளைச்சல் பரவாயில்லை. சித்திரையில வரேக்க எங்க கூட்டிக்கொண்டு போக எண்டு நீ கேட்டனி, நான் சிகிரியா எண்டவுடன சிரிச்சனி. ஏலாத முழங்காலோட மலை ஏறப்போறீங்களோ, ஏதும் கோயிலைச் சொல்லுங்கோ எண்டனி. போனில விளங்கப்படுத்தினா எனக்கு அழுகை வந்திடும், அதுதான் எழுதுறன்.

மாத்தளையில தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில நான் அஞ்சாம் வகுப்புப் படிக்கேக்க எங்கட ரீச்சர் எல்லாரையும் அங்க கூட்டிக்கொண்டு போறதா இருந்தவா. ஒரு ராசா மலை உச்சியில மாளிகையும் குளமும் கட்டி, கீழ பூந்தோட்டம் வச்சிருந்தவராம் எண்டு கரும்பலகையில கீறிக் காட்டினவா. அந்தக் குளத்துக்கு ஆர் ரீச்சர் தண்ணி தூக்கினது எண்டு கேட்டன், எங்கட அம்மா பீலியடியில தண்ணி பிடிச்சு லயத்து வீட்டுக்குக் குடம் தூக்கிப் படுற பாட்டை நான் பாத்தனான்தானே. ரீச்சர் சிரிச்சுப்போட்டு, அது மழைத்தண்ணி பிள்ளை எண்டவா. பயணத்துக்கு மூண்டு நாள் இருக்கேக்க எழுவத்தேழாம் ஆண்டுக் கலவரம் வந்திட்டுது, உடுத்த உடுப்போட வவுனியாவில வந்து இறங்கினம். ரீச்சர் எங்க போனா எண்டு இண்டைவரைக்கும் தெரியாது.

கலியாணம் கட்டின புதுசில இதை உன்ர அப்பாவிட்டச் சொன்னன், அவர் மறக்கேல்லை. ரெண்டாயிரத்து மூண்டில, சண்டை நிண்டிருந்த நேரம், எங்களை பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனார். உனக்கு அப்ப நாலு வயசு. மலையடிப் பூந்தோட்டத்துக்குள்ள, தண்ணித் தொட்டியளுக்கு நடுவில நடந்து போகேக்க உனக்குக் காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. நீ ஏறிப் பாத்திட்டு வா, பிள்ளையை நான் நிழலில வச்சிருக்கிறன் எண்டார் அப்பா. நானும் பத்துப் படி ஏறினன், நீ அம்மா எண்டு கத்தினது கேட்டுது, இறங்கிட்டன். தம்புள்ளை ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தோளில போட்டுக்கொண்டு ஓடினம். அடுத்த நாள் நீ எழும்பி பிஸ்கற் கேட்டாய். திரும்பி வரேக்க அப்பா அடுத்த வருசம் போவம் எண்டார். பிறகு திரும்பச் சண்டை, அதுக்குப் பிறகு அவருக்குக் கிட்னி வருத்தம், அதோடயே அவரும் போயிட்டார். நீ கவலைப்படுவாய் எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை, நான் இறங்கினதுக்கு ஒருநாளும் வருத்தப்படேல்லை ராசா.

போன கிழமை டாக்குத்தரிட்டக் கேட்டன், இருந்து இருந்து, பாதி மலையில கல்லில செதுக்கின சிங்கத்தின்ர பாதம் வரைக்கும் போங்கோ, அதுக்கு மேல வேண்டாம் எண்டிட்டார். அது எனக்குக் காணும். அக்கா ஏசுறாள், எண்டாலும் காலமையில குளக்கட்டில ஏறி இறங்கிப் பழகுறன். வெயிலுக்கு முன்னம் போயிடவேணும், மலையில குளவிக்கூடு இருக்காம், சத்தம் போடக்கூடாதாம். பாதத்தடியில என்னை ஒரு நிழலில இருத்திப்போட்டு நீ உச்சிக்கு ஏறு, என்னோட மினக்கெடாதை. ஆறுதலா எல்லாத்தையும் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு.

வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதை. அம்மாள் உன்னைக் காப்பாத்துவா. லீவை மட்டும் மாத்திப்போடாதை மகன், சித்திரை பத்தொன்பதை நான் கலண்டரில பேனையாலயே வட்டம் போட்டிட்டன்.

அன்போட,
உன்ர அம்மா
ராசு வடிவம்மா