கல்யாணம் முடியட்டும் என்றேன்

என் ஆசை மச்சினன் கோமதிக்கு,

நீ போய் ஏழு மாசமாகிறது. மிளகு மண்டியில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. உன் அக்கா எனக்குச் சோறு எடுத்து வைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

விடிந்ததும் குற்றாலத்துக்கு சைக்கிள் மிதித்து, மேலே செண்பகாதேவி அருவி வரை ஏறி இறங்கி, வந்து மூட்டை தூக்குகிறவன் நீ. ஏற்றத்தில் நெஞ்சு பிடித்தது என்று நீ சொன்னதும் டாக்டரிடம் போனோம். நெஞ்சுத் துடிப்பைத் தாளில் கோடாக வரைகிற ஈ.சி.ஜி. மெஷின் மதுரையில்தான் இருக்கிறது, அங்கே போய் எடுக்கச் சொன்னார்.

“எடுத்தா நிச்சயமாத் தெரிஞ்சிருமா?” என்று கேட்டேன்.

“தெரியாமலும் போவலாம் அண்ணாச்சி. நல்ல நெஞ்சைக் கெட்டதுன்னு காட்டி ஆளை முடக்குறதும் உண்டு. ஆனா இவருக்கு வலிச்சிருக்கே. பாக்காம விடக் கூடாது.”

முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் சொன்னதை விட்டுவிட்டேன். தையில் உனக்குக் கல்யாணம். நெஞ்சைக் காட்ட மதுரைக்குப் போனான் என்று இலத்தூரில் பெண் வீட்டுக்குத் தெரிந்தால்?

“கல்யாணம் முடியட்டும்லே. இது வாயுப் பிடிப்பு. அருவிக்கு நெஞ்சைக் கொடுத்து நில்லு, விட்டுரும்” என்றேன்.

“அத்தான் சொன்னா அருவியும் கேக்கும்” என்று சிரித்தாய். மூன்றாம் நாள் அருவிக்கடியிலேயே சரிந்தாய்.

போயிருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டர், “சொல்ல முடியாது” என்கிறார். பிழைத்திருப்பாய் என்றால் அழுது தீர்த்திருப்பேன். மாட்டாய் என்றால் தூங்கியிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லை.

இப்போது உன் தம்பி வேலு கேட்கிறான். கபடியில் அவனை மடக்க இந்தப் பக்கத்தில் ஆளில்லை. “எனக்கு ஒரு வலியும் இல்லியே அத்தான், நானும் பாக்கணுமா?”

“அவருகிட்டயே கேளு. அவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றாள் உன் அக்கா.

இல்லாத நோயை அந்தத் தாள் காட்டினால் அவன் மூலையில் உட்கார்ந்துவிடுவான். பார்க்காமல் விட்டு, ஒருநாள் ஆடுகளத்தில் விழுந்தால்?

டாக்டரிடமே போனேன். “வலியில்லாம ஓடியாடுற எல்லாருக்கும் வேண்டாம். அண்ணன் இந்த வயசுல போனவனுக்கு வேணும்” என்றார்.

திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறேன். தாள் கோணலாக வந்தால் இன்னொரு டாக்டரைக் கேட்காமல் அவன் ஆட்டத்தை நிறுத்த மாட்டேன். நேராக வந்தாலும், வலிக்குது என்று அவன் சொல்கிற அன்றைக்கே மறுபடி கூட்டிப் போவேன். பெண் கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் நானே சொல்லுவேன். இதனால் நீ வரப்போவதில்லை. தெரிந்துதான் போகிறேன்.

உன்னை மதுரைக்கு விடாத அத்தான்,
ஆறுமுகம்
தென்காசி