இடது காதில் மட்டும் வரும் கீபோர்டு

சனி, நவ. 8

மழை. மந்தைவெளியில் கணுக்கால் தண்ணீர். ஸ்பெஷல் கிளாஸ் ரத்து. வாழ்க மழை.

வேலை: பிசிக்ஸ் ரெக்கார்டு (படம் பாக்கி). அப்பாவை வம்புக்கு இழுப்பது.

அப்பா மறுபடி அந்த ஆல்பம். ஜாஸ் ஃபியூஷனாம். சின்ன வயதில் எனக்கு வெறும் கன்ஃபியூஷன். இப்போது எனக்கும் பைத்தியம், அவரிடம் சொல்வதில்லை. ஆயுள் முழுக்க மற்றவர் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்த பெரியவர் ஒருவர், தலை நரைத்த பிறகு தனக்கென்று போட்ட ஆல்பம். யாரும் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஹிட். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ், பேஸ் எல்லாம் சட்டென்று நிற்கும். தனியாகக் கீபோர்டு, அதுவும் இடது காதில் மட்டும். பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல. அந்த இடத்துக்காகவே அப்பா ஹெட்போன் மாட்டுவார்.

அவர் டீ எடுக்கப் போன நேரத்தில், அவர் போன் செட்டிங்கில் இடது பக்கச் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். அந்த இடம் வந்ததும் கத்துவார் என்று எதிரிலேயே நின்றேன்.

கத்தவில்லை. ஒன்றுமே கேட்காத அவ்வளவு நேரமும் தொடையில் தாளம். பிசகாமல்.

சிரிப்பு வரவில்லை எனக்கு.

ஞாயிறு, நவ. 9

தூறல். உப்புமா (தண்டனை, யாருக்கு என்று தெரியவில்லை).

செட்டிங்கை மாற்றப் போனால் போன் அப்பா கையில். பால்கனியில் நின்று சேகர் மாமாவோடு பேச்சு. இரண்டு பேரும் சேர்ந்துதான் சபாக்களில் மைக், சவுண்ட் மிக்சர் வேலை.

"மார்கழிக்கு வேற ஆளப் பாரு சேகரு. கொஞ்ச நாளா காது இரைஞ்சிக்கினே இருந்துச்சில்ல, நேத்து லெஃப்ட் சுத்தமா போய்டுச்சி. அந்த எடத்துல ஒண்ணுமே கேக்கல. பாப்பா எதிர்ல நின்னுக்கினு இருந்தா. சும்மா தாளம் போட்டுக்கினே இருந்தேன்."

காதுதான் அவருக்குச் சோறு. அந்தக் காது போகவில்லை, நான்தான் நிறுத்தினேன். சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் இரைச்சல்? அது நான் செய்ததில்லை. இன்று சொல்லவில்லை.

திங்கள், நவ. 10

வெயில். ரெக்கார்டு வைக்கவில்லை, திட்டு. சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

"அப்பா, சனிக்கெழம லெஃப்ட்ட ஆஃப் பண்ணது நான்தான்."

முறைத்தார். பிறகு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"கொரங்கே. உசுரே போய்டுச்சிடி எனக்கு. இரு, சேகருக்கு போன் போட்டு நானே வரேன்னு சொல்றேன்."

"மொதல்ல பாட்டக் கேளுங்கப்பா."

செட்டிங்கை இரண்டு காதுக்கும் வருகிற மாதிரி நடுவில் வைத்தேன். ஹெட்போனை என் காதில் மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் கீபோர்டு கணீரென்று வந்தது. அதே இடத்துக்குத் திருப்பி வைத்து, அவருக்கு மாட்டிவிட்டு, ஓடவிட்டேன்.

திரையில் பாட்டின் நொடிகள் நகர்ந்தன. அப்பா தாளம் போட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம், போடு."