ஒரு தவணை எம்.பி.

அண்ணை,

இன்று காலை எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதியில் பேருந்துக்கு நிற்கும்போது, ஒருவர் ஏணியில் ஏறி மின்கம்பத்தில் தேர்தல் படம் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புது பிளாஸ்டிக் மட்டையின் வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் படம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கட்சியின் படப்பிடிப்பாளர் சிரிக்கச் சொல்லிச் சொல்லியே உங்களைக் கெடுத்துவிட்டார். “என்ன புள்ள, பல்லுப் புடுங்க வரச்சொல்ற மாதிரி இருக்கா?” என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். நீங்கள் கண்மூடி ஒரு மாரிகாலம் போய்விட்டது. இன்றும் கம்பத்தடியில் தனியே நின்று சிரித்தேன்.

எனக்கு நீங்கள் எம்.பி. ஆகும் முன்னமே சட்டத்தரணி. மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து வேறொருவர் மூலம் அகதி வழக்குப் போட்டேன். விசாரணையில் அதிகாரி கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னேன். பெரியவர்களின் கண்ணைப் பார்த்துக் கதைப்பது மரியாதையில்லை என்றுதானே எங்களை வளர்த்தார்கள்? அந்த மரியாதையே வினையாகிவிட்டது. முகம் பார்த்துப் பேசவில்லை, ஆகவே சொல்வது பொய் என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போனால் அங்கே என்னை உயிரோடு விடமாட்டார்கள். அழுதுகொண்டு உங்களிடம் வந்தேன்.

“இன்னும் ஒரு வாசல் இருக்கு, மேன்முறையீடு. அது மூடினாப் பிறகு அழு,” என்றீர்கள். அந்த விசாரணையில் எழுந்து, பிரெஞ்சில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: “இந்தப் பெண் உங்களை மதித்ததால்தான் குனிந்தாள். மதித்ததற்கா தண்டனை?” வென்றோம். பிறகு உங்கள் அலுவலகத்திலேயே எனக்கு வேலை தந்தீர்கள். தொலைபேசியில் சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க என் வாய் உதவுமாம்!

எனக்குக் குடியுரிமை கிடைத்த வருடம், தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, உங்களுக்கேன் இந்த வேலை என்று சண்டை பிடித்தேன். வீடு வீடாக வாக்குக் கேட்டுப் போனால், எங்கட சனம் வாசலில் வைத்து ஆளை அனுப்புமா? உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, மகளின் கல்யாண ஆல்பத்தையும் காட்டித்தான் விடும். நீங்களோ கடைசிப் படம்வரை பார்க்கிற ஆள். ஒரு தெருவை முடிக்க ஒரு பின்னேரம் போகும். கட்சிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்படியும் வென்றீர்கள்.

மூன்றாம் வருடம் அந்தச் சட்டமூலம் வந்தது. அகதிகளுக்கு மேன்முறையீடே வேண்டாம் என்று உங்கள் கட்சியே கொண்டுவந்தது. எதிர்த்தால் அடுத்தமுறை இடமில்லை என்று கட்சிக் கொறடா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒட்டாவா நாடாளுமன்றத்திலிருந்து எனக்கு அழைத்தீர்கள்.

“அண்ணை, அண்டைக்குச் சுகமில்லை எண்டு வீட்டில இருங்கோவன். ஆரும் கேக்கமாட்டினம்,” என்றேன்.

“உன்ட வழக்கண்டைக்கு நான் வீட்ட படுத்திருந்தா என்ன செய்திருப்பாய்?”

ஒட்டாவாவுக்குப் பேருந்துச் சீட்டு எடுத்தேன்.

வாக்கெடுப்பன்று பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். பெயர் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து நிற்பதுதான் அங்கே வாக்கு. சட்டத்துக்கு ஆதரவாக உங்கள் கட்சிக்காரர் வரிசை வரிசையாக எழுந்தார்கள். நீங்கள் அசையவில்லை. பிறகு எதிர்ப்பவர்களைக் கூப்பிட்டார்கள். உங்கள் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான் எழுந்தீர்கள், கோட்டுப் பொத்தானைப் பூட்டியபடி. அருகில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது அண்ணை. பெருமையில்தான்.

சட்டம் நிறைவேறியது. உங்கள் இடம் போனது. சுயேச்சையாக நின்று தோற்றீர்கள். அடுத்த கிழமையே பழைய சட்ட அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “சரி, ஆரு காத்திருக்காங்க?” என்று கேட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் ஒருவர், “பாவம், ஒரு தவணைதானே இருந்தவர்,” என்றார். பாவமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு, உங்கள் மனைவி கையைப் பிடித்திருக்காவிட்டால் அங்கேயே நல்லாய்க் கேட்டிருப்பேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டு திரிகிறேன். வாக்குக் கேட்டு யார் வந்தாலும் அதைக் கேட்காமல் விடுவதில்லை. இன்று பின்னேரம் உங்கள் பழைய கட்சியின் புது வேட்பாளர் வந்தார். எங்கட பொடியன்தான், நல்ல மரியாதை. “போன்ஜூர் அக்கா” என்று கும்பிட்டார்.

“தம்பி, உங்கட கட்சி பிழையான சட்டம் ஒண்டு கொண்டுவந்தால், எதிர்த்து எழும்புவீங்களோ?”

அவர் சிரித்தார். “அப்பிடி எழும்பினால் ஒரு தவணையோட வீட்டை போகவேண்டியதுதான் அக்கா.”

“ஓம் தம்பி,” என்றேன். “அப்பிடி வீட்டை போன ஒராளுக்குத்தான் நான் இந்த நாட்டில முதன்முதல் வோட்டுப் போட்டனான்.”