மூன்றாம் பிறையும் கிழக்கே விழுந்த நிழலும்

அன்றைக்கு நம் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ஐயா, ஆத்தா, சைக்கிளைப் பிடித்தபடி அறிவியல் வாத்தியார், ஏழாவதில் ஒரு வருஷம் தவறி உன் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்த நம்ம அண்ணன், ஓரமாக நான், தலை குனியாமல் நீ. ஒருத்தரையும் நான் மறக்கலை அக்கா.

நேற்று அதைக் கிளப்பிவிட்டது ஒரு எலுமிச்சம்பழம். அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிற என் பேத்தி விளக்கை அணைத்தாள். செல்போன் டார்ச்சை சூரியன் என்று சாய்த்து வைத்து, பழத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினாள். "பாருங்க அப்பத்தா, வெளிச்சம் பட்ட பாதியில நமக்கு எம்புட்டுத் தெரியுதோ அதான் பிறை. பூமியோட நிழலால இல்ல. நிழல் விழுறது சந்திர கிரகணத்துக்கு மட்டும்தான்."

நீ சொன்னது இதுதானே?

பூமியின் நிழல் விழுந்துதான் பிறை உண்டாகிறது என்று வாத்தியார் நடத்திய வாரம் அது. மூணாம் பிறை பார்த்தால் நல்லது என்று ஆத்தா நம்ம மூணு பேரையும் கண்மாய்க் கரைக்கு அனுப்பினாள். நாங்கள் கும்பிட்டுக் கிளம்பப் பார்த்தோம். நீ நின்றுகொண்டே இருந்தாய். "பொழுது மேற்க இறங்குது. நம்ம நிழலு கிழக்க விழுகுது. பிறை மேற்கயில்ல நிக்குது? அப்புறம் எப்படி நிழலு அது மேல போய் விழும்?"

"சரித்தேன் புள்ள" என்றார் அண்ணன். என் காதால் கேட்டேன்.

மறுநாள் வகுப்பில் எழுந்து சொன்னாய். வாத்தியார் உன்னை வெயிலில் நிறுத்தினார், அது போதாதென்று சாயங்காலம் வீட்டுக்கும் வந்தார். எழுத்தறியாத ஐயா மகனைத்தான் கேட்டார். "நீயும் அங்கதானடா இருந்த. அவ சொன்னதுல ஞாயம் இருக்கா?"

அண்ணன் வாத்தியார் முகத்தைப் பார்த்தார். "வாய்க்கொழுப்புய்யா. வேணும்னே எதுத்துப் பேசுறா."

விடிந்ததும் உன் கையில் நாற்றுமுடி. நீ கண்ணை மூடுகிறவரைக்கும் நடவுதான். பொட்டப்புள்ள படித்தால் இப்படித்தான் என்று என்னையும் மூணாவதோடு நிறுத்தினார்கள்.

வாத்தியார் தனக்குத் தெரிந்ததை நடத்தினார், போகட்டும். ஐயா மகனை நம்பினார், அதுவும் போகட்டும்.

நேற்று பேத்தி பழத்தைச் சுற்றியபோது, பழங்காநத்தத்திலிருந்து வந்திருந்த அண்ணன் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். "இதை நான் ஏழாவதுலயே சொன்னேன்டா கண்ணு. அந்த வாத்தியாரு என்னைய வெயில்ல நிக்க வச்சாரு" என்கிறார்.

"செம தாத்தா. நாளைக்கு எங்க மிஸ்கிட்டச் சொல்றேன்."

"வெயில்ல நின்னது ஆருண்ணே?" என்றேன்.

"அம்புட்டும் பழங்கதை. காப்பியில சீனி பத்தலை, கொண்டா."

கொண்டுவரவில்லை. பேத்தியை உட்கார வைத்து, அவர் முன்னாலேயே முழுசும் சொன்னேன். பாதியில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இன்றைக்கும் மூணாம் பிறையைக் கும்பிட்டுவிட்டு, கிழக்கே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மாடியை விட்டு இறங்குகிறேன். நம் நிழல் விழுந்த பக்கம்.

மூத்தவன் பேரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று ஆத்தா சொல்லுவாள். அழுகட்டும். இத்தனை வயதில் முதல்தடவையாகச் சொல்கிறேன். எல்லாரையும் மன்னித்துவிட்டேன் அக்கா, சுந்தரபாண்டியைத் தவிர.