எண்ணெய்க் கிணறு என்னும் சக்களத்தி

உங்களோடு எரியும் எண்ணெய்க் கிணறுகளை அடக்கப் போய்வந்த நாகப்பட்டினத்துச் செல்வம் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். வேலைத்தளத்தில் கிடந்த உங்கள் ஆரஞ்சு நிறச் சட்டையைத் துவைத்து ஒரு பையில் எடுத்து வந்தார். துவைத்தும் டீசலும் புகையும் கலந்த வாடை போகவில்லை. நான் அழுவேன் என்று அவர் ஒதுங்கி நின்றார். எனக்கு வந்தது எரிச்சல். ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களுக்கு முன்னால் படியேறிய வாடை அது.

மற்ற பெண்களுக்குச் சக்களத்தி என்றால் அவளுக்கு ஒரு முகமாவது இருக்கும். எனக்கு வாய்த்தவை தரையைப் பிளந்துகொண்டு எரியும் எண்ணெய்க் கிணறுகள். மகளுக்குக் காது குத்தத் திருமுக்கூடல் கோயிலுக்குப் புறப்பட்ட அன்றும், எங்கோ ஒரு கிணறு அடங்காமல் பீறிடுகிறது என்று போன் வந்தது. வேனில் உட்கார்ந்திருந்த நீங்கள் இறங்கிவிட்டீர்கள்.

“பொண்ணு காது எங்கியும் பூடாது. அது இன்னா பண்ணும்னு சொல்ல முடியாது” என்றீர்கள். அந்த ‘அது’வைச் சொன்ன கனிவோடு என் பெயரை நீங்கள் சொன்னதில்லை.

திரும்பி வந்தாலும் அதே பேச்சுதான். தண்ணீரைத் திரைபோல் பீய்ச்சி அதன் மறைவில் நெருங்குவது, புது வால்வைக் கிணற்றின் தலையில் இறக்கி மூடுவது, கனத்த சேற்றை உள்ளே செலுத்தி வாயுவை அமுக்குவது. நம் கழனியில் இல்லாத சேறா என்று கேட்டால் சிரிப்பீர்கள். அந்த இரைச்சலில் உங்களுக்குப் பாதிக் காது போயிருந்தது. மீதியும் என் பேச்சைக் கேட்டதா, தெரியாது. போன பங்குனியில் நெஞ்சு வலி என்று படுத்த நீங்கள் எழவே இல்லை. அந்தக் கிணறுகளின் பக்கத்தில் என்னை ஒரு தடவையாவது நினைத்தீர்களா என்று உங்களிடம் கேட்காமலே போய்விட்டது. நேற்று செல்வத்திடம் கேட்டேன்.

கிணற்றருகே கத்தினாலும் கேட்காது, எல்லாம் கை ஜாடைதான் என்றார் அவர். நிறுத்து, இறக்கு, ஏற்று என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் இடது உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, வலது கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

“இதக் காட்டினா ஆபத்துன்னு அர்த்தம். எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வந்துடணும். அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான் அண்ணி. உங்க ஊருல நீங்க வரப்புல நின்னு இப்படித்தான் சோத்துக்குக் கூப்பிடுவீங்களாமே.”

கழனியில் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜின் சத்தத்தில் என் குரல் உங்களுக்கு எட்டாது. அதனால்தான் வெயிலுக்கு ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு மறு கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடக் கூப்பிடுவேன்.

“அதக் காட்டினா ஒடனே வந்துடுவாரா?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் முன்னால வந்துடுவாரு” என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கூப்பிட்டு ஒரு நாளாவது உடனே வந்திருக்கிறீர்களா? இதோ என்று கையை ஆட்டிவிட்டு இன்னொரு மடை திருப்பப் போவீர்கள். சோறு ஆறிக் கிடக்கும். என் ஜாடையை எடுத்துப்போய் அந்தச் சக்களத்தியிடம் கொடுத்து, அங்கே அதற்கு மரியாதை செய்திருக்கிறீர்கள்.

அந்த ஜாடையை இனி மாற்றிக்கொள்ளுங்கள் என்று செல்வத்திடம் சொன்னேன். போன மாதம்கூட அது இரண்டு பேரைக் காப்பாற்றியது என்றார். சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், மனசே இல்லாமல்.

இனியும் எங்கோ ஒரு கிணறு எரியும். யாரோ ஒருவன் என்னைப் போலவே நின்று இன்னொருவனைக் கூப்பிடுவான். அவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே வருவான். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.